உயிர்க் காலேஜ்

சென்னை அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி மாடியில் தொடங்கப்பெற்றுப் பின்னர் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. அதன் முதற் பொறுப்பாளர் மருத்துவர் எட்வர்டு பால்ஃபர். உயிருள்ள விலங்குகளைக் காணவே மக்கள் மிகுதியாகத் திரள்வதை உணர்ந்த அவர், 1855இல் அவ்வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை ஒன்றை நிறுவினார். கர்நாடக நவாபின் விலங்குகளும் அங்கு வந்து சேர்ந்தன. பின்னர் அது மாநகராட்சியின் பொறுப்பில் பீப்பிள்ஸ் பார்க்கிற்குப் பெயர்ந்தது.

ஆவணங்கள் இவ்வளவே கூறும். நகரத்துப் பாமரரோ இவ்விரண்டையும் இணைத்தே பெயரிட்டனர். பாடம் செய்த விலங்குகள் நிற்கும் எழும்பூர்க் கட்டடம் ‘செத்த காலேஜ்’. உறுமலும் பிளிறலும் கேட்ட பூங்கா ‘உயிர்க் காலேஜ்’. அருங்காட்சியகம் பிறந்த கல்லூரியின் நினைவே இப்பெயர்களில் தங்கிற்று என்பர். எவ்வாறாயினும், கல்லூரி வாயிலை மிதித்தறியாத எளியோரும் தம் பிள்ளைகளுடன் சென்று கண்டு கற்ற இடம் அது. கம்பிக்குப் பின்னே நிற்பது வேடிக்கைப் பொருளன்று, உயிர் என்பதையும் அப்பெயர் மறக்கவில்லை.

1985இல் காட்சிசாலை வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிவு பெற்றது. குறுகிய கூண்டுகளிலிருந்த விலங்குகளுக்குக் காட்டுச் சூழல் வாய்த்தது, அது மகிழத்தக்கதே. ஆயினும் பழம்பெயர் அவற்றுடன் வண்டலூருக்குச் செல்லவில்லை. முதியோர் நாவில் எஞ்சிய அச்சொல்லைப் பதிந்து காப்பது கவிஞர் கடன்.