நெவில் வந்தார், ராமானுஜன் போனார்: ஒரு பயண நல்கையின் கணக்கு

சீனிவாச ராமானுஜனைப் பற்றி எழுதுவோர் அவர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தையும் குறிப்பேடுகளையும் விரிவாகப் பேசுவர். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய பணம் யாருடையது, எந்த விதியின்கீழ் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு என்பதெல்லாம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய வரலாற்றில் அந்தக் கணக்கு தனியாகப் படிக்கத் தக்கது.

1913-இன் தொடக்கத்தில் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம் பெற்ற கணக்கர். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகையோ முதுகலைப் பட்டதாரிகளுக்கு உரியது. சிண்டிகேட்டில் இந்தத் தடை எழுந்தபோது, துணைவேந்தராக இருந்த நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர், பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரை ஆராய்ச்சியை வளர்ப்பதையும் நோக்கமாகக் கூறவில்லையா என்று வினவினார். பட்டம் இல்லாதவருக்கு அந்த முகவுரை வழிவிட்டது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. விதியைத் தளர்த்தியவர்கள் கணக்குக் கேட்பதை விட்டுவிடவில்லை.

ஆனால் இது உள்ளூரில் இருந்து ஆய்வு செய்வதற்கான பணம். இங்கிலாந்துப் பயணத்துக்கு வழி பிறந்தது வேறொருவரின் பயணத்தால். 1914 சனவரியில் டிரினிட்டிக் கல்லூரியைச் சேர்ந்த இளம் கணிதவியலர் இ. எச். நெவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அழைப்பின்பேரில் வகையீட்டு வடிவியல் குறித்த தொடர் சொற்பொழிவுகளுக்காக வந்தார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பையும் ஹார்டி அவரிடம் ஒப்படைத்திருந்தார். நெவில் ராமானுஜனைச் சந்தித்தார், குறிப்பேடுகளைப் பார்த்தார். கடல் கடக்கத் தயங்கியவர் இப்போது இசைந்திருந்தார். சனவரி 28 அன்று பல்கலைக்கழகப் பதிவாளர் டூஸ்பரிக்கு நெவில் ஒரு கடிதம் எழுதினார். அதையொட்டி மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தொகையைக் குறிப்பிட்டே கோரிக்கை வைத்தார்: ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை, கப்பல் கட்டணத்துக்கும் உடைக்கும் 100 பவுண்டு. துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநர் மாளிகைக்கு எழுதினார். ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு ஒப்புதல் அளித்தார். மார்ச் 17 அன்று ராமானுஜன் 'நெவாசா' கப்பலில் ஏறினார். கடிதத்துக்கும் கப்பலுக்கும் இடையே ஏழு வாரங்கள்கூட இல்லை. இன்று பயண நல்கைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போர் இந்தத் தேதிகளை இருமுறை படிப்பார்கள்.

அன்றைய மாற்று விகிதப்படி ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். மொத்தம் 600 பவுண்டு என்றால் 9,000 ரூபாய். துறைமுகக் கணக்கரின் 25 ஆண்டுச் சம்பளம். பட்டமில்லாத ஒருவரை நம்பிப் பல்கலைக்கழகம் இறங்கிய அளவு அது. அந்த 250 பவுண்டில் ஏறத்தாழ 50 பவுண்டு ஆண்டுதோறும் கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்குப் போகும்படி ராமானுஜன் ஏற்பாடு செய்துகொண்டார். இளம்பெண்ணான மனைவி ஜானகி உடன் செல்லவில்லை; நல்கையும் ஒருவருக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. போகிறவரின் செலவைப் பல்கலைக்கழகம் தாராளமாகவே எண்ணியது. பின்னால் இருப்பவர்களின் செலவை அவரே தம் பங்கிலிருந்து பிரித்துக் கொடுத்தார்.

திரும்பி வருபவருக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு விடை தாமதமாகவே வந்தது. 1918-இல் டிரினிட்டிக் கல்லூரி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்த பின்னரே சென்னைப் பல்கலைக்கழகம் எவ்விதப் பணிக்கடமையும் இன்றி ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் 5 ஆண்டுகளுக்கு வழங்க முன்வந்தது. 1919 சனவரியில் அவர் எழுதிய பதில் கடிதம் இந்த வரலாற்றிலேயே அரியது. தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு தந்து, தம் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு மார்ச் 27 அன்று நோயுற்ற நிலையில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். 1920 ஏப்ரலில் மறைந்தார்.

அவர் கரையிறங்கிய அதே 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலுக்கெனத் துறை ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். துறைக்கு உள்நாட்டு ஆசிரியர் வேண்டும்; அவரை உருவாக்க வேண்டும். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் சமஸ்கிருதம் படித்து முதுகலை முடித்திருந்த ஜி. எஸ். குர்யே, கெடிஸின் பரிந்துரையால் பல்கலைக்கழக உதவித்தொகை பெற்று 1920-இல் இங்கிலாந்து சென்றார். லண்டனில் ஹாப்ஹவுஸிடம் சில காலம் இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் ரிவர்ஸிடமும், 1922-இல் ரிவர்ஸ் இறந்ததும் ஹேடனிடமும் பயின்றார். 1924-இல் பம்பாயில் துறைத் தலைமையை ஏற்று 1959 வரை பணியாற்றினார். ஐராவதி கார்வே, எம். என். சீனிவாஸ், ஏ. ஆர். தேசாய் அனைவரும் அவர் மாணவர்கள். குர்யேயின் கோட்பாடுகளில் இன்று பலருக்கு உடன்பாடில்லை. அது வேறு விவாதம். பம்பாயில் திரும்பி வருபவருக்கான நாற்காலி கப்பல் புறப்படும் முன்பே மனத்தில் இருந்தது என்பதே இங்குப் பொருட்படுத்தத் தக்கது.

இரண்டு நிகழ்விலும் போனவருக்கு முன்னால் வந்தவர் ஒருவர் இருக்கிறார். விண்ணப்பத்தைக் காகிதத்தில் படித்துத் தேர்ந்தவர் அல்லர் அவர். ஆளை நேரில் கண்டவர்.

இதையே ஒரு முறைமையாக ஆக்கியது புணே தக்காணக் கல்லூரி. 1950-களின் நடுவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் எஸ். எம். காத்ரே அங்கே மொழியியல் பள்ளிகளைத் தொடங்கினார். கிளீசன், ஃபேர்பேங்க்ஸ், கம்பர்ஸ் போன்ற அமெரிக்க மொழியியலர்கள் வந்து பாடம் நடத்தினர். இந்திய இளம் ஆசிரியர்கள் அமெரிக்கா சென்று பயின்றனர். தமிழ் மொழியியல் துறைகளின் வளர்ச்சியையும் இந்தக் காலச் சூழலோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்று மொழியை ஆராய்ந்து 1957-இல் இண்டியானாவில் முனைவர் பட்டம் பெற்றுத் திருவனந்தபுரம் திரும்பினார். பின்னாளில் திராவிட மொழியியல் கழகத்தையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் கட்டியெழுப்பினார். தக்காணக் கல்லூரியில் மொழியியல் பயின்ற ஏ. கே. ராமானுஜன் 1959-இல் அதே இண்டியானாவுக்குச் சென்றார், சிகாகோவில் தங்கிவிட்டார். இழப்பு என்று இதை எளிதில் சொல்லிவிட முடியாது. சங்கக் கவிதைகளுக்கு ஆங்கில வாசகர்களை உண்டாக்கியவர் அவர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் பயண நல்கைத் திட்டம் கல்லூரி ஆசிரியர்களுக்கு விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், நாட்படி, விசாச் செலவு ஆகியவற்றை எண்ணியது. ஆனால் அது பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்கும் சில நாட்களுக்கானது. ஓராண்டு தங்கிக் கற்பதற்கு அதில் இடமில்லை. வெளிநாட்டுப் பேராசிரியர்களை ஓரிரு வாரப் பாடத்துக்கு அழைக்க 2015-இல் 'கியான்' திட்டம் வந்தது. போவதற்கு ஒரு கோப்பு, வருவதற்கு இன்னொரு கோப்பு. நெவிலும் சென்னையில் நெடுங்காலம் தங்கியவர் அல்லர். ஆனால் அவரை வரவேற்ற பல்கலைக்கழகமே ராமானுஜனை அனுப்பவும் வேண்டியிருந்தது; அவருடைய கடிதம் போய்ச் சேர்ந்தது அதே பதிவாளரின் மேசைக்கு.