பேர் மாறிய மீன்

நாமக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆஞ்சநேயர், லாரி, அப்புறம் முட்டை! நான் இந்த வாரம் சொல்லப்போவதும் முட்டை சமாசாரம்தான். ஆனால், கோழி முட்டை இல்லை. விடிகாலையில் முட்டையிட்டு, அதைக் கொத்தாக வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டுக்கொண்டே திரியும் ஒரு மீனைப் பற்றி. மொத்த நீளமே ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். பெயர், அரிசி மீன்.

'அரிசிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நெல் வயல்களில் திரிகிற மீன் என்பதால், 1906-ல் இந்தப் பேரினத்துக்கு 'ஒரைஸியாஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'ஒரைஸா' என்றால் அரிசி. அந்த வார்த்தையே நம்ம 'அரிசி'யில் இருந்து போனதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாத மொழியியல்காரர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். மீனின் கதைக்கு வருவோம்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கைக்கு வந்த சீமையில் என்னென்ன விளைகிறது, யார் யார் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்து வர, பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரை அனுப்பினார் வெல்லெஸ்லி பிரபு. 1800-ல் அந்த மனிதர் கொள்ளேகால் மலைப்பாதை வழியாக இறங்கி வந்து சேர்ந்த இடம், காவேரிபுரம். இன்றைக்கு சேலம் மாவட்டம், மேட்டூர் பக்கத்தில் இருக்கிறதே, அதே ஊர்தான். பவானி, ஈரோடு பக்கமும் போனார்.

பிற்பாடு வங்காளத்தில் இருந்தபோது இவருக்கு மீன் பித்துப் பிடித்தது. 1822-ல் கங்கை மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். அதற்குள் தாய்வழிச் சொத்து வந்ததால் தன் பெயரையும் ஹாமில்டன் என்று மாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தில்தான் அரிசி மீன் முதல் முறையாகப் பதிவாகிறது, 'டான்சேனா' என்று. ஆனால் பாருங்கள், அத்தனை மீன்களைப் பார்த்த மனுஷர் இதைக் கெண்டைக் கும்பலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்!

குழப்பம் அதோடு தீரவில்லை. 1839-ல் மெக்லெலண்ட் என்பவர் 'மெலாஸ்டிக்மா' என்று ஒரு மீனுக்குப் பெயர் சூட்டினார். கரும்புள்ளிக்காரன் என்று அர்த்தம். டான்சேனாவும் இதுவும் ஒன்றா, இரண்டா என்ற பஞ்சாயத்து இன்றுவரை ஓயவில்லை.

நம் பக்கத்து மீனுக்குப் பெயர் வைத்தவர், தாமஸ் ஜெர்டன். மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டர். இந்தியப் பறவைகளைப் பற்றிய இவருடைய புத்தகம் ரொம்பப் பிரசித்தம். 1849-ல், 'இது தனி இனம்' என்று அடையாளம் கண்டு, 'கர்நாடிக்கஸ்' என்று பெயரிட்டார். கர்நாடகா என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்காட்டு நவாப் காலத்தில் நம் தமிழ்ச் சமவெளியைத்தான் வெள்ளைக்காரர்கள் 'கர்நாடிக்' என்றார்கள்.

ஆனால், பின்னால் வந்தவர்கள் ஜெர்டன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. எல்லாம் ஒன்றே என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். 1998-ல் டைசன் ராபர்ட்ஸ் என்ற மீன் ஆய்வாளர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, 'ஜெர்டன் சொன்னது சரி, இது தனி இனம்தான்' என்றார். நியாயம் கிடைக்க 149 வருஷம்!

'பேர் எதுவானால் என்ன?' என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மலேரியா நம்மைப் பாடாய்ப் படுத்திய காலம். கொசுப் புழுவைத் தின்னும் நம்நாட்டு மீன்கள் எவை என்று 1912-லேயே கல்கத்தா மியூசியத்தில் இருந்து ஸீவெலும் சௌத்ரியும் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். முண்டக்கண்ணி மீன் அதில் உண்டு. இருந்தும் என்ன நடந்தது? 1928-ல் கம்பூசியா என்ற அமெரிக்க மீன் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்து இறங்கியது. கிணறு, குளம் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டோம். அது கொசுப் புழுவோடு நிறுத்திக்கொண்டதா? மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்றது. இன்று உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலில் அதுவும் ஒன்று. வீட்டுப் பிள்ளையின் பேர் தெரியாதவன் வேலைக்கு வெளியூர் ஆளைத்தானே தேடுவான்!

ஜப்பானைப் பாருங்கள். அவர்கள் வயலில் இருக்கும் அரிசி மீனுக்கு 'மெடாகா' என்று பெயர். 1994-ல் கொலம்பியா விண்கலத்தில் நான்கு மெடாகாக்கள் பறந்தன. விண்வெளியில் கூடி, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்தன. முதுகெலும்புள்ள எந்த ஜீவனும் அதற்கு முன் அங்கே செய்யாத காரியம்! அப்படிக் கொண்டாடிய தேசத்திலேயே வாய்க்கால்களுக்கு சிமென்ட் பூசியதில், 1999-ல் மெடாகா அழிவு அபாயப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கேயே இந்தக் கதி என்றால், பேர்கூடச் சரியாக வைக்காத நம் மீனின் கதி?

அதனால் அடுத்தமுறை ஜேடர்பாளையம், மோகனூர் பக்கம் போனால், ராஜவாய்க்கால் ஓரம் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நீர்மட்டத்தை ஒட்டி, பெரிய கண்ணும் மேல்நோக்கிய வாயுமாய்ச் சின்ன மீன்கள் நிற்கும். வால் உருண்டையாக, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னினால் முண்டக்கண்ணி. சாம்பல் நிறத்தில் வயிறு புடைத்து, அடித் துடுப்பு குட்டையாக இருந்தால் கம்பூசியா. உடம்பு கண்ணாடி மாதிரி தெரிந்து, அடித் துடுப்பு வாலை நோக்கி நீளமாக ஓடினால்... அதுதான் அரிசி மீன்!

வீட்டில் வளர்ப்பதும் சுலபம். ஒருநாள் முன்னாடியே பிடித்து வைத்த தண்ணீர், ஒரு கைப்பிடி வேலம்பாசி, மேலே வலை (துள்ளி வெளியே விழுந்துவிடும்). போதும். ஆணுக்குத் துடுப்புகள் நீளம். பெண், முட்டைக் கொத்தைச் சில மணி நேரம் சுமந்து திரிந்து, பாசியில் ஒட்டிவிடும். அந்தப் பாசியை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு வரும். அதற்குப் பாசி படிந்த பச்சைத் தண்ணீர்தான் தாய்ப்பால். கடையில் வாங்கிய எந்த மீனையும் மட்டும் வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்!

முட்டை ஓடு கண்ணாடி போலத் தெளிவு. ஒரு பூதக்கண்ணாடி போதும், உள்ளே துடிக்கும் இதயம் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூடவே, பேரையும் சொல்லிக்கொடுங்கள்.