இன்சுலினை ஒளிச்சு வெச்சா எந்தச் சட்டம்?

மருமகளோட இன்சுலினை மாமியார் வேணும்னே ஒளிச்சு வைக்கிறாங்கன்னு வைங்க. குற்றமா?

1860 இந்திய தண்டனைச் சட்டத்தில் அடிச்சா ஒரு பிரிவு, விஷம் கொடுத்தா ஒரு பிரிவு. மருந்தை மறைச்சா? நேரா பொருந்துறது எதுவும் இல்லை. 1983-ல 498ஏ வந்தப்போதான், மனைவியோட உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ வேணும்னே கடும் ஆபத்து உண்டாக்குறதும் கொடுமைன்னு எழுதினாங்க. கணவர், அவர் உறவினர் யாரானாலும் 3 வருஷம் வரை சிறை.

சரி, ஆனா அந்தப் பொண்ணுக்கு நாளைக் காலையில ஊசி வேணுமே! அதுக்குத்தான் 2005 குடும்ப வன்முறைச் சட்டம். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை போடலாம், மருத்துவச் செலவைக் கொடுக்கச் சொல்லலாம். அவசரம்னா எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால ஆணை.

ஒரு ஓட்டை இருந்துச்சு. எதிர்மனுதாரர்னா "வயது வந்த ஆண்"னு வரையறை. அப்போ மாமியார்? ஹைகோர்ட்டுகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. (டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ண கோட் மாதிரி.) கணவரோட பெண் உறவினர்களும் அடக்கம்னு 2011-ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2016-ல அந்த வார்த்தைகளையே தூக்கிடுச்சு.

கணவர் பாதிக்கப்பட்டா இந்த ரெண்டும் உதவாது, பொதுப் பிரிவுகள்தான். அது எனக்கு நியாயமாப் படலை.

2024 ஜூலை 1-லிருந்து 498ஏ இடத்தில் பிஎன்எஸ் 85, 86. டாக்டர் சீட்டு, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. பெண்கள் உதவி எண் 181.