பத்துப் பேர், மூன்று கோல்: 1911 மோகன் பகானின் முதல் மூன்று ஆட்டங்கள்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் எந்த வெளியூர்க்காரரையும் இந்த ஊர் ஒரு கேள்வி கேட்காமல் விடாது. "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" ஆபீஸில் நம்மைக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்பார்கள். "நாங்க மெட்ராஸ் பக்கம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இறால் பிடிக்குமா, ஹில்சா பிடிக்குமா என்று அடுத்த கேள்வி வரும், அதை வைத்துக் கட்சியைத் தீர்மானித்துவிடுவார்கள். (சைவம் என்று சொன்னால் அனுதாபத்தோடு பார்ப்பார்கள்.)

மோகன் பகான் என்றால் உடனே 1911 ஜூலை 29 கதையைச் சொல்வார்கள். வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஜெயித்த கதை. நல்ல கதைதான், உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு சாயங்காலத்தையே சொல்லிச் சொல்லி, அதற்கு முன்னால் நடந்த ஆட்டங்களை ஊர் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. அந்த டீம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் முதல் மூன்று ஆட்டங்களைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் பின்னணி. வங்காளத்தில் கால்பந்து கல்லூரிக் காம்பவுண்டு வழியாக வந்த ஆட்டம். 1877ல் ஹேர் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சின்னப் பையன், மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடியபோது தன் பக்கம் வந்த பந்தைத் திருப்பி உதைத்தான் என்றும், அங்கிருந்து எல்லாம் ஆரம்பித்தது என்றும் சொல்வார்கள். பையன்கள் காசு சேர்த்துப் பந்து வாங்கப் போய், தெரியாமல் ரக்பி பந்தை வாங்கி வந்துவிட்டார்களாம். அதை வைத்து முட்டிமோதிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக், சரியான பந்தைக் கொடுத்து ஆடவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு பள்ளி, கல்லூரி என்று டீம்கள் முளைத்தன. நாகேந்திர பிரசாத்தின் சோவாபஜார் கிளப் 1892ல் ட்ரேட்ஸ் கப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டைத் தோற்கடித்தது. ஆக, பட்டாளத்து டீமை ஜெயித்த முதல் இந்திய டீம் மோகன் பகான் இல்லை. ஐ.எஃப்.ஏ.வும் அதன் ஷீல்டும் 1893ல் வந்தன.

மோகன் பகான் தொடங்கியது 1889ல். 1906, 1907, 1908 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ட்ரேட்ஸ் கப்பை ஜெயித்தார்கள். ஆனால் ட்ரேட்ஸ் கப் வேறு, ஷீல்டு வேறு. ஷீல்டில் பெரிய ரெஜிமெண்டுகள் இறங்கும். 1908லிருந்து 1910 வரை மூன்று வருஷமும் கார்டன் ஹைலேண்டர்ஸ்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மோகன் பகானின் முந்தைய ஷீல்டு முயற்சிகள் வெகுதூரம் போகவில்லை. எனவே 1911 ஜூலை முதல் வாரத்தில், இந்த டீம் ஷீல்டை ஜெயிக்கும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

முதல் ஆட்டம், ஜூலை 10: செயின்ட் சேவியர்ஸுடன், 3-0

எதிரணி பார்க் ஸ்ட்ரீட் செயின்ட் சேவியர்ஸ். பட்டாளத்தோடு ஒப்பிட்டால் சுலபமான ஆட்டம் என்று தோன்றும். ஆனால் அன்று மோகன் பகான் இறங்கியது பத்துப் பேரோடு.

காரணம் லீவு! ஃபுல்பேக் சுதீர் சாட்டர்ஜி, பவானிப்பூரில் லண்டன் மிஷனரி சொசைட்டி கல்லூரியில் ஆசிரியர். அன்று கல்லூரியில் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். காலண்டரைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் ஜூலை 10 திங்கட்கிழமை. வாரத்தின் முதல் நாள் வாத்தியாருக்கு யார் லீவு கொடுப்பார்கள்? நாமும் திங்கட்கிழமை லீவு கேட்டுப் பார்த்தவர்கள்தானே.

அந்தக் காலத்து ஆட்டமுறையில் பின்னால் இரண்டு ஃபுல்பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்ட். சுதீர் இல்லையென்றால் பின்வரிசையில் பாதி காலி. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. அப்படியும் மூன்று கோல் போட்டார்கள், ஒன்றுகூட வாங்கவில்லை. இன்னொரு விஷயம்: அந்த டீமில் பூட்ஸ் போட்டு ஆடிய ஒரே ஆள் சுதீர் சாட்டர்ஜிதான். ஆக அன்று மைதானத்தில் நின்ற பத்துப் பேரும் வெறுங்கால்.

என் மதிப்பெண்: முன்வரிசைக்கு 10க்கு 8, பின்வரிசைக்கு 10க்கு 9. ஒரு ஆள் குறைந்தால் கலைந்துபோகிற டீம் இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டம், ஜூலை 14: ரேஞ்சர்ஸுடன், 2-1

நல்ல மழை. கல்கத்தா ஜூலை மாத மைதானம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு ஒரு சௌகரியம் உண்டு, பந்து விரலுக்குக் கட்டுப்படும். சேற்றில் அது போய்விடும். பூட்ஸின் அடியில் இருக்கும் கட்டைகள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெறுங்கால் வழுக்கும். மழை பெய்தால் இந்திய டீம் அவ்வளவுதான் என்பது அப்போதைய பொதுக்கருத்து.

அந்த நிலைமையில் கிடைத்த வெற்றி இது. காப்டன் சிப்தாஸ் பாதுரியின் முன்வரிசை வேலையை முடித்தது. கோல்கீப்பர் ஹிராலால் முகர்ஜி மிச்சத்தைக் காப்பாற்றினார். அழகான ஆட்டமாக இருந்திருக்க முடியாது, சேற்றில் என்ன அழகு? ஆனால் முந்தைய வருஷங்களில் தோற்றிருக்கக்கூடிய ஆட்டம் இது. ஹிராலாலுக்கு 9, மற்றவர்களுக்கு 7.

மூன்றாவது ஆட்டம், ஜூலை 19: ரைஃபிள் பிரிகேடுடன், 1-0

முதல் பட்டாளத்து டீம். உடம்பு பலத்தில் ஒப்பிடவே முடியாது. ஒரே ஒரு கோல், சிப்தாஸின் அண்ணன் பிஜய்தாஸ் பாதுரி போட்டது. அதை வைத்துக்கொண்டு கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஸ்கோர் இதுதான். கோல் மழை பொழிந்து ஜெயிப்பதைவிட, ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ரெஜிமெண்டைத் தடுத்து நிறுத்துவதற்கு அதிகக் கட்டுப்பாடு வேண்டும்.

பத்து நாளில் மூன்று ஆட்டம். ஆறு கோல் போட்டு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஒன்றில் ஆள் குறைவு, ஒன்றில் மழை, ஒன்றில் பட்டாளம். தோற்பதற்கான மூன்று நல்ல காரணங்களும் ஒவ்வொன்றாக வந்து போய்விட்டன. பின்னால் நடந்ததை அதிசயம் என்கிறார்கள். இந்த மூன்று ஸ்கோரையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் அவ்வளவு அதிசயமாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜூலை 24ல் அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு 1-1. 26ல் மறு ஆட்டம், 3-0. அதில் எதிரணியின் பெயர்பெற்ற கோல்கீப்பர் பிகாட்டுக்குக் கண்ணில் அடிபட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது. 29ந் தேதி சனிக்கிழமை, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டோடு இறுதி ஆட்டம். முதல் கோல் அவர்களுடையது. சிப்தாஸ் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். அவர் அப்போது ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். வெளியூர்களிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். மைதானத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்குப் பட்டத்தில் ஸ்கோரை எழுதிப் பறக்கவிட்டார்களாம்.

இதோடு ஒட்டிக்கொண்ட ஒரு கட்டுக்கதையையும் பார்த்துவிடலாம். அந்த வெற்றிக்குப் பயந்துதான் ஆங்கிலேயர்கள் வங்கப் பிரிவினையை ரத்து செய்து தலைநகரை டில்லிக்கு மாற்றினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அறிவிப்பு 1911 டிசம்பர் 12 டில்லி தர்பாரில் வந்தது உண்மைதான். ஆனால் வைசிராய் கவுன்சில் உறுப்பினர் ஜென்கின்ஸ் அதற்கான யோசனையை ஜூன் மாதமே எழுத்தில் கொடுத்துவிட்டார். அப்போது ஷீல்டு போட்டியில் மோகன் பகான் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

கால்பந்து சாம்ராஜ்யத்தை அசைக்கவில்லை. கால்பந்துச் சங்கத்தையே அது உடனே அசைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம். ஷீல்டை ஜெயித்த இந்த டீமுக்கு அப்போது கல்கத்தா லீக்கில் இடமே கிடையாது! 1914ல்தான் இரண்டாவது டிவிஷனில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் டிவிஷனுக்கு வந்தது 1915ல். அதற்குப் பிறகும் முதல் டிவிஷனில் இத்தனை இந்திய டீம்தான் என்ற வரம்பு சில வருஷங்கள் இருந்தது. மோகன் பகான் அடுத்த ஷீல்டை ஜெயித்தது 1947ல், முப்பத்தாறு வருஷம் கழித்து. மைதானத்தில் நிரூபிப்பது ஒரு மாத வேலை. நிரூபித்ததை ஒப்புக்கொள்ள வைப்பது ஒரு தலைமுறை வேலையாக இருந்திருக்கிறது.

இன்னொன்று, நம்மைப் போன்ற குடும்பங்களுக்காக. இன்று மோகன் பகான் என்றால் மேற்கு வங்காளத்துக்காரர்களின் கிளப், ஈஸ்ட் பெங்கால் என்றால் கிழக்கிலிருந்து வந்தவர்களின் கிளப் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்ததே 1920ல். 1911 டீமில் பெரும்பாலானவர்களின் பூர்வீகம் கிழக்கு வங்காளம், பாதுரி சகோதரர்கள் உட்பட. சுதீர் சாட்டர்ஜி கிறிஸ்தவர். அவரோடு பின்வரிசையில் நின்ற பூத்தி சுகுல் வங்காளியே இல்லை, குடும்பம் உத்தரப்பிரதேசப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பதினோரு பேரில் பலர் பிழைக்கவோ படிக்கவோ இந்த ஊருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆகவே பள்ளிக்கூடத்தில் "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டால், வெளியூர்க்காரப் பிள்ளைகள் விழிக்க வேண்டியதில்லை. "1911 கட்சி" என்று சொல்லச் சொல்லுங்கள். ஸ்கோர் கேட்டால் இறுதி ஆட்டத்து 2-1ஐ எல்லோரும் சொல்வார்கள். திங்கட்கிழமை லீவு கிடைக்காத அந்த 3-0ஐச் சொன்னால் வங்காளிப் பையனே கொஞ்சம் யோசிப்பான்.