ஜன்னியை வென்ற உப்பு

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பேரவையிலிருந்து கேட்டிருந்தார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கதைகளை மற்ற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் என் தொழில் சார்ந்த ஒரு சிறு வரலாற்றைச் சொல்கிறேன்.

எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நிறைமாதப் பெண்ணுக்கு வலிப்பு வந்தால், அந்தக் காலத்தில் "ஜன்னி கண்டுடுச்சு" என்பார்கள். வேப்பிலை அடிக்க ஆள் தேடுவார்கள். உண்மையில் அது கர்ப்பகால இரத்தக்கொதிப்பு மூளையைத் தாக்குவது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தொடும். பெரும்பாலும் சிறுநீரில் புரதம் போகும். விடாத தலைவலி, கண் மங்கல், அப்புறம் வலிப்பு. மூளை வீங்கலாம், உள்ளே இரத்தமும் கசியலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய மருத்துவர் ஸ்ட்ரோகனாஃப் காட்டிய வழி இருட்டறை, நிசப்தம், மார்ஃபியா, குளோரல். அதைத் தாண்டி ஒரு பெரிய அடி எடுத்து வைத்தவர் நம்மவர். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன், குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். 402 பேருக்குச் சிகிச்சை தந்ததில் தாய் இறப்பு 2.2 சதவீதம் என்று 1961இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதினார். அன்றைக்கு அது லேசுப்பட்ட சாதனை இல்லை. 'முதலியார்-மேனன்' பாடப்புத்தகம் புரட்டிய மருத்துவ மாணவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பிரிட்சார்டு என்பவர் 1955 முதலே மக்னீசியம் சல்ஃபேட் கொடுத்து வந்தார். வேறொன்றுமில்லை, நம்ம ஊர் பேதி உப்புதான்! ஊசிக்கேற்பச் சுத்தம் செய்தது, அவ்வளவே. பிரிட்டனில் அதை நம்பவில்லை. டயசிபாம், ஃபெனிடாயின் என்றார்கள். 1995இல் இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் ஏறக்குறைய 1,680 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. மீண்டும் வலிப்பு வருவது, டயசிபாமைவிட உப்பில் 52 சதவீதமும், ஃபெனிடாயினைவிட 67 சதவீதமும் குறைவு. பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். 2002இல் 33 நாடுகளின் 'மேக்பை' ஆய்வு, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் பாதிக்கு மேல் தடுக்கலாம் என்றது. மேனனின் கலவையும் இந்த உப்பிடம் தோற்றது. என்னைக் கேட்டால் அதில் அவருக்குக் குறைவில்லை. கணக்கு வைத்து எழுதியவரைத்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?

முதல் தவணை: நரம்பில் 4 கிராம் மெதுவாக, இரு புட்டங்களிலும் 5 கிராம் வீதம். அடுத்த தவணைக்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும்; மூச்சையும் சிறுநீரையும் அளக்க வேண்டும். அளவு மிஞ்சினால் முழங்கால் துடிப்பு முதலில் போகும், பிறகு மூச்சு. மாற்று மருந்து கால்சியம் குளூக்கோனேட்.

முழுச் சிகிச்சைக்கு வசதியில்லாத இடத்தில் முதல் தவணையைப் போட்டுவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ திருச்சி போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த வழிப்பயணத்தில்தான் அடுத்த வலிப்பு வரும். மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: பிள்ளை பிறந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். பிரசவமான சில நாட்களுக்குள்ளும் இது வரும். அப்போதும் தலைவலி, கண் மங்கல் என்று அக்காவோ அண்ணியோ சொன்னால் உடனே பிரஷர் பார்க்க அழைத்துப் போங்கள்.