பச்சையப்பரின் உயில்

மாணவ நண்பர்களே! 'உயில்' என்பது ஆங்கிலத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். நம் முன்னோர் கொடுத்த கொடைகளைக் கோயிற் சுவர்களில் இன்றும் படிக்கலாம். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை கொடுத்தவர் வாழ்ந்திருந்தபோதே கைமாறியவை. கண்மூடிய பின்னரும் ஒருவருடைய விருப்பம் நின்று செயற்பட வேண்டும் என்னும் ஏற்பாடு, கும்பெனியார் காலத்துச் சென்னையில் நம்மவரிடையே பரவத் தொடங்கியது. அக்காலத்து உயில் ஒன்றின் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1754-இல் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். சென்னையில் நாராயண பிள்ளை என்னும் செல்வர் அவரை ஆதரித்து ஆளாக்கினார். துபாஷித் தொழிலில் இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டினார் பச்சையப்பர். நாற்பது வயதளவில் நோயுற்றபோது, 1794 மார்ச்சு 22-ஆம் நாள், கும்பகோணத்தில் தம் உயிலை எழுதினார். கோயிற் பணிகளுக்கும் பிற தருமங்களுக்கும் தம் பொருளை ஒதுக்கினார். நாராயண பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஒன்பதே நாட்களில், மார்ச்சு 31-ஆம் நாள், காலமானார்.

எழுதியாகிவிட்டது, இனி எல்லாம் நடந்துவிடும் என்றுதானே நினைப்போம்? நடக்கவில்லை. சொத்தைக் குறித்து வழக்குகள் மூண்டன. தருமங்கள் தடைப்பட்டன. ஒரு தலைமுறை கழிந்தது. பின்னர், சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, இதனைச் சுப்ரீம் கோர்ட்டின் பார்வைக்குக் கொண்டுவந்தார். 1801-இல் நிறுவப்பெற்ற அந்நாளைய சென்னை நீதிமன்றத்தின் பெயர் அது. உயிலிற் சொன்ன தருமங்களுக்குப் போக எஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாடு பிறந்தது, தருமகர்த்தர்கள் அமைந்தார்கள். 1842-இல் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பெற்றது. 1889-இல் அது கல்லூரியாயிற்று. கணித மேதை இராமாநுசனும் அறிஞர் அண்ணாவும் அங்கே பயின்றவர்கள்.

எழுத்து இருந்தமையால் தருமம் பிழைத்தது. அதனை நிறைவேற்றத் தக்க காவல் இல்லாமையால் நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. அந்த உயில் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

இப்பாடத்தை என் வீட்டிலும் கண்டேன். என் பாட்டனார், கணவனை இழந்து தம்மோடு வாழ்ந்த அத்தைக்கே வீடு என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். ஆனால் அத்தாளில் சாட்சியாக ஒருவரே இருந்தார். சட்டமோ இருவரைக் கேட்கிறது. தாள் செல்லாததாயிற்று, வீடு நான்கு பங்காயிற்று. அத்தை தம் பங்கைப் பெற்றுக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனார். அவர் பெட்டியில் அந்தத் தாள் கடைசிவரை இருந்தது. பாட்டனாருக்கு அன்பு குறைவில்லை. ஒரு கையெழுத்துத்தான் குறைவு.

1870-இல் இந்து உயில்கள் சட்டமும், 1925-இல் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இயற்றப்பெற்றன. இன்றைய முறை கடினமானதன்று. எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பித் தெளிந்த அறிவுடையவராக இருத்தல் வேண்டும். அவர் கையொப்பமிட்டதைக் கண்ட, அல்லது இட்டதாக அவரே சொல்லக் கேட்ட சாட்சிகள் குறைந்தது இருவர் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வது கட்டாயமன்று, செய்தால் நன்று. உயிரோடுள்ளவரை மாற்றியும் எழுதலாம். யார் நிறைவேற்றுவது என்பதைக் குறிப்பிடுவதும், சொத்துக்களின் பட்டியலையும் பத்திரங்கள் இருக்கும் இடத்தையும் அவருக்குத் தெரிவிப்பதும் அறிவுடைமை.

உங்களுக்கு இப்போது சொத்து இராது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். உயிலைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று அவர்கள் தயங்கக்கூடும். அப்போது பச்சையப்பரின் கதையைச் சொல்லுங்கள். அத்தையின் கதையையும் சொல்லுங்கள்.