எதிரொலிவழி மீனறிதல்

கடலுக்குள் ஒலித்துடிப்பைச் செலுத்தி, மீன்கள் மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அவற்றின் இருப்பையும் ஆழத்தையும் அறியும் முறை. கடல்நீரில் வெளிச்சம் சில நூறு மீட்டருக்குள் மங்கிவிடும். ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு போகும். துடிப்பு போய்வர ஒரு நொடி ஆனால், தடுத்த பொருள் 750 மீட்டர் ஆழத்தில் உள்ளது.

தோற்றம்: நீரில் ஒலியின் வேகத்தை 1826-ல் ஜெனீவா ஏரியில் மணி அடித்து அளந்தவர் கொலாடான். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபின் பனிப்பாறைகளை ஒலியால் அறியும் முயற்சி சூடுபிடித்தது. 1914-ல் ஃபெசண்டன் அதில் வெற்றி கண்டார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட லாங்ஜவான் படிகக்கல் கருவியை உருவாக்கினார். இவர்களில் எவரும் மீனைத் தேடவில்லை. மீனை ஒலியால் அறிந்த முன்னோடிகளில் ஒருவர் ஜப்பானியரான கிமுரா. 1929-ல் அவர் குளத்து மீன்களைக் கொண்டு சோதித்தார். 1935-ல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லொஃபோட்டன் கடலில் முட்டையிட வந்த காட் மீன்திரளின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார்.

போலிக் கடலடி: 1942-ல் சான் டியேகோ அருகே ஒலிக்கருவிகளைச் சோதித்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் மூவரும், ஆழ்கடலின் நடுநீரில் ஒலியைச் சிதறடிக்கும் அடுக்கு ஒன்றைக் கண்டனர். கடலடியோ பல மடங்கு கீழே இருந்தது. இத்தகைய எதிரொலிகளை நம்பிச் சில வரைபடங்களில், உண்மையில் இல்லாத திட்டுகளும் குறிக்கப்பட்டன. அந்த அடுக்கு அந்தியில் மேலேறி, விடியலில் கீழிறங்குவதை 1945-ல் மார்ட்டின் ஜான்சன் காட்டினார். இரவு தோறும் இரைதேடி மேலே வரும் சிறு மீன்களும் இறால்வகைகளும் பிற மிதவை உயிர்களுமே அந்தப் 'போலிக் கடலடி'. கடலியலில் இதைவிட வியப்பான பிழைதிருத்தம் அரிது.

காற்றுப்பை: மீனின் சதை அடர்த்தியில் நீரை ஒத்திருப்பதால் ஒலி பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும். காற்றுப்பை உள்ள மீன்களில் எதிரொலியின் பெரும்பங்கு அதிலிருந்தே எழுகிறது. அதனால் காட் திரள் பளிச்செனத் தெரியும். காற்றுப்பை இல்லாத வட அட்லாண்டிக் கானாங்கெளுத்தி மங்கலாகவே தெரியும்.

இன்றைய நிலை: பல அதிர்வெண்களில் ஒலி செலுத்தி மீன்வளத்தையும் தென்முனைக் கடலின் கிரில் என்னும் சிறு இறால்வகை வளத்தையும் கணிக்கின்றனர். தமிழகத்து விசைப்படகுகளிலும் எக்கோ சவுண்டர் என்னும் எதிரொலிக் கருவி உண்டு.